‘மெதுவாக’ என்பதற்கு ஐந்து ஆங்கிலம்

முதல் குற்றச்சாட்டை எழுந்து நின்று வாசித்தேன்.

கல்கத்தாவில், கிடர்பூர் துறைமுகத்தை ஒட்டி இருந்த எங்கள் சரக்குக் கம்பெனியின் மாடி அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த விசாரணை அதிகாரி. அவருக்குப் பக்கத்தில் எங்கள் கிளை மேலாளர் சன்யால். இந்தப் பக்கம் ஒரு மர ஸ்டூலில் கிரேன் டிரைவர் நிதாய் ஹால்தார், கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையில், இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டையிலிருந்து நாப்தலீன் உருண்டை வாசனை வந்தது. கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த சட்டையாக இருக்க வேண்டும்.

குற்றச்சாட்டு ஆங்கிலத்தில் இருந்தது. நிதாய்க்கு ஆங்கிலம் வராது. நான் அதை வங்காளத்தில் சொல்லி, அவர் வங்காளத்தில் சொல்லும் பதிலை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த ஆங்கிலத்தை உற்பத்தி செய்தவனும் நான்தான் என்பது நிதாய்க்கும் சன்யாலுக்கும் தெரியும். அதிகாரிக்கு மட்டும் தெரியாது.

மொத்தம் ஐந்து குற்றச்சாட்டுகள். ஐந்தும் நிரூபணமானால் வேலை போய்விடும். வேலை போனால் கம்பெனி கொடுத்திருந்த ஒற்றை அறை வீடும் போகும். இவ்வளவும் எதற்கு? அவர் சணல் பொதிகளைக் கப்பலுக்குள் மெதுவாக இறக்கினார் என்பதற்கு.

ஒரு வாசகரின் அஞ்சலட்டை

மூன்று வாரமாக இந்தத் தொடரில் நான் என் ஆங்கிலப் பெருமையை அளந்துகொண்டிருப்பதைப் பொறுக்க முடியாமல் ஒரு வாசகர் ஆசிரியருக்கு அஞ்சலட்டை போட்டிருக்கிறார். ‘இவருடைய ஆங்கிலத்தால் யாருக்காவது ஏதாவது நன்மை உண்டா?’ என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. நன்மை பற்றி எனக்குத் தெரியாது ஐயா. ஒரு மனிதரின் பிழைப்புக்கு வேட்டு வைக்க அது போதும் என்பது தெரியும். அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் எனக்கு ஆங்கிலம் எடுத்தவருக்கு ஒரு கொள்கை இருந்தது. ஒரு பத்தியில் ஒரே சொல் இரண்டு முறை வந்தால் காதைத் திருகுவார். மூன்று முறை வந்தால் கட்டுரை ஜன்னல் வழியாகப் போகும். நான் ஜன்னலுக்கு வெளியே போய்ப் பொறுக்கி வந்த கட்டுரைகள் ஏராளம்.

கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்த முதல் மாதமே காலேஜ் தெரு நடைபாதையில் ஒரு தலையணைப் புத்தகம் வாங்கினேன். அட்டை கிடையாது. ஒரு சொல்லைத் தேடிப் போனால் அதே பொருளில் இருபது பங்காளிகளைக் கொண்டுவந்து நிறுத்தும். அன்றிலிருந்து என் காது பத்திரம். அலுவலகத்தில் என் பெயர் பரவியது. ‘மத்ராஸி பாபுவின் டிராஃப்ட்’ என்றால் மேலதிகாரிகள் ஒருமுறை வாசித்து, புரியாமல், மரியாதையோடு கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

ஆஸ்தே, லேடீஸ்!

மெதுவாகப் போ என்பதற்கு இந்த ஊருக்கு ஒரு சொல் போதும். ‘ஆஸ்தே.’ மெதுவாகப் பேசு, மெதுவாக நட, மெதுவாகச் சாப்பிடு, எல்லாவற்றுக்கும் அதுதான்.

பாலிகஞ்சிலிருந்து கிடர்பூருக்கு நான் பஸ்ஸில் போவேன். நடத்துனர் வண்டியின் தகரத்தைப் படபடவென்று தட்டி ‘ஆஸ்தே, லேடீஸ்!’ என்று கத்தினால் வண்டி நின்று பெண்கள் இறங்குவார்கள். ஆண்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. வண்டி கொஞ்சம் மனம் இளகும் நேரம் பார்த்துக் குதித்துக்கொள்ள வேண்டும். ஒரு மழைக்காலத்தில் கணுக்கால் பிசகிக் கட்டுப் போட்டிருந்தேன். இறங்கும் இடம் வந்ததும் நடத்துனர் என் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தகரத்தைத் தட்டினார்: ‘ஆஸ்தே, லேடீஸ்!’ பஸ் முழுக்கச் சிரித்தது. நான் நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன். வேறு என்ன செய்ய?

பின்னாளில், இரண்டாயிரம் பிறந்த பிறகு, ஆங்கிலத்தில் ஆளாளுக்கு எனக்கு வேகத்தடை போட்டார்கள். ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர் ‘ஸ்லோ டவுன்’ என்றார். சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன என் மகள், நான் கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று புலம்பினால்கூட, ‘சில் பாபா, சில்’ என்றாள். அப்பா என்று கூப்பிடுவதை அவள் ஏழு வயதிலேயே விட்டுவிட்டாள். அது வேறு வருத்தம். ஆனால் இவர்களெல்லாம் வருவதற்கு முன்னாலேயே, தொண்ணூறுகளின் நடுவில், இந்தச் சொற்களை நான் கரைத்துக் குடித்திருந்தேன்.

என் தலைசிறந்த பத்தி

அந்த வருஷம் துறைமுகத்தில் ‘கோ ஸ்லோ’ போராட்டம். வேலைக்கு வருவார்கள், வேலையும் செய்வார்கள், ஆனால் சாவகாசமாகச் செய்வார்கள். சங்கம் அதை ஆரம்பித்து இரண்டு வாரம் ஆன பிறகுதான் நிர்வாகத்துக்கு அது போராட்டம் என்றே தெரிந்தது என்று கேண்டீனில் கேலி பேசினார்கள்.

தெரிந்ததும் தலைமை அலுவலகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. யாராவது ஒருவரைப் பிடித்துத் தண்டித்துக் காட்டு என்று சன்யாலுக்கு உத்தரவு. சன்யால் பதிவேட்டைப் புரட்டினார். எந்தக் கிரேன் ஒரு ஷிஃப்டில் குறைவான முறை இறக்கியிருக்கிறது? நிதாய் ஹால்தாரின் கிரேன். அவர் சங்கக் கூட்டத்துக்கே போகாதவர். போராட்டத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே அவர் அதே வேகம்தான். அதைப் பார்க்கப் பதிவேட்டில் முன்பக்கம் திருப்ப வேண்டும். சன்யால் திருப்பவில்லை. நானும் திருப்பவில்லை.

“சாயங்காலத்துக்குள்ள ஒரு சார்ஜ் ஷீட் எழுதிடு. நல்லா இருக்கணும்” என்றார் சன்யால்.

நல்லா இருக்கணும் என்று என்னிடம் சொல்லலாமா? தலையணைப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சன்யாலின் சாயங்காலம் மறுநாள் காலை வரைக்கும் நீளும், அது எனக்குத் தெரியும்.

“என்ன எழுதுதிய? சோறு ஆறுது” என்றாள் என் மனைவி கோமதி.

“ஒரு ஆளு மெதுவா வேல பாத்தாருன்னு எழுதுதேன்.”

“அதத்தான் இப்பச் சொல்லிட்டியளே. இன்னும் என்ன எழுத?”

இலக்கியம் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன். ஒரே பத்தி. நிதாய் முதலில் வேகத்தை ‘ஸ்லாக்கன்’ செய்தார். பிறகு ‘ஈஸ் ஆஃப்’ ஆனார். அதன்பின் ‘லெட் அப்’, அதைத் தொடர்ந்து ‘டாடில்’, முடிவாக ‘வைண்ட் டவுன்’. எல்லாவற்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான், தளர்ந்தார், மெதுவாகச் செய்தார். ஆனால் ‘ஸ்லோ’ என்ற சொல் அந்தப் பத்தியில் ஒரு இடத்தில்கூடக் கிடையாது. அதில்தான் எனக்குக் கர்வம். இரண்டு முறை உரக்க வாசித்துப் பார்த்துக்கொண்டேன்.

தலைமை அலுவலகத்தில் படித்தவர்கள்

பத்து நாளில் அது தலைமை அலுவலகத்தின் சட்டப் பிரிவிலிருந்து திரும்பி வந்தது. பிரித்ததும் எனக்குப் புல்லரித்தது. என் ஐந்து வினைச்சொற்களையும் சிவப்பில் அடிக்கோடிட்டிருந்தார்கள். ஆகா, ரசனை உள்ளவர்கள் என்று நினைத்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

ஐந்து வினைச்சொல், ஐந்து குற்றம். முதல் குற்றச்சாட்டு: ஸ்லாக்கன் செய்தது. இரண்டாவது குற்றச்சாட்டு: ஈஸ் ஆஃப் செய்தது. இப்படியே ஐந்து வரை தனித்தனியாக எண் போட்டுத் தட்டச்சு செய்திருந்தார்கள். நான் காது திருகலுக்குப் பயந்து மாற்றிப் போட்ட சொற்களை அவர்கள் ஐந்து வெவ்வேறு அக்கிரமங்களாக எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் கம்பெனி விதிப்படி ஒன்றிரண்டு குற்றச்சாட்டு என்றால் எச்சரிக்கை, கண்டனம் என்று முடிந்துவிடும். மூன்றைத் தாண்டினால் வேலைநீக்கம் வரை போகலாம்.

சன்யாலிடம் ஓடினேன். “சார், இதெல்லாம் ஒண்ணுதான் சார்.”

“கையெழுத்தாகி வந்துடுச்சு. இப்பப் போய் நோண்டாதே” என்றார்.

நான் நோண்டவில்லை. அன்று ராத்திரி கோமதியிடம் சொன்னேன். “சன்யால் அப்படிச் சொன்னாரு, நீங்க அதோட வந்துட்டியளாக்கும்” என்றாள். ரசம் வேண்டுமா என்று கேட்கவில்லை. நானும் கேட்டு வாங்கவில்லை.

பதிலும் நானே

எங்கள் அலுவலகத்தில் எழுதப்படாத வழக்கம் ஒன்று உண்டு. குற்றப்பத்திரிகை எழுதுகிற குமாஸ்தாவே, டிபன் நேரத்தில், குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பதிலும் எழுதிக் கொடுப்பார். இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆங்கிலம் தெரிந்தவன் அவன்தான், வேறு யாரிடம் போவார்கள்?

நிதாய் வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை நிதாய்தா என்பேன். சுந்தரேசன் என்ற என் பெயரை அந்த ஊர் ‘ஷுந்தோர்பாபு’ ஆக்கியிருந்தது. என் மேஜையில் காகிதத்தை வைத்தார். (அவர் பேசியது வங்காளம். தமிழில் எழுதுகிறேன்.)

“உங்க கைவேலைதானே ஷுந்தோர்பாபு?”

“ஆமா நிதாய்தா.”

“அப்ப நீங்களே பதிலையும் எழுதிடுங்க. கட்டினவனுக்குத்தானே எங்க இடிக்கணும்னு தெரியும்.”

கோபமே இல்லாமல் சொன்னார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இந்த மனிதரைக் காப்பாற்றியே தீர்வது என்று உட்கார்ந்தேன். ஒரே வரி எழுதியிருந்தால் போதும்: இந்த ஐந்தும் ஒன்று. எழுதினேனா? பேனாவைக் கையில் எடுத்ததும் பழைய பேய் பிடித்துக்கொண்டது. ‘நான் ஸ்லாக்கன் செய்யவும் இல்லை, ஈஸ் ஆஃப் ஆகவும் இல்லை’ என்று ஆரம்பித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுப்பு, ஒவ்வொரு மறுப்புக்கும் புதுச் சொல். நாலு பக்கம். படித்தால் கண்ணீர் வரும்.

தலைமை அலுவலகத்திலிருந்து மறுதபாலில் பதில் வந்தது. ஐந்து குற்றச்சாட்டுகளும் வெவ்வேறானவை என்பதை ஊழியர் நன்கு புரிந்துகொண்டு தனித்தனியே மறுத்திருப்பதால், விசாரணையும் ஐந்தின் பேரிலும் நடக்கும். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. போட்டது அடுத்தவர் தலையில்.

மாடி அறையில்

ஆக, முதல் குற்றச்சாட்டை எழுந்து நின்று வாசித்தேன். வங்காளத்தில் சொல்ல வேண்டுமே. வாயில் வந்தது ஒன்றுதான்.

“நீங்க ஆஸ்தே வேலை செஞ்சீங்க.”

“ஆமா பாபு. மெதுவாத்தான் செய்றேன்” என்றார் நிதாய்.

‘ஒப்புக்கொண்டார்’ என்று எழுதச் சொன்னார் அதிகாரி. எழுதினேன். நாலு பக்கம் நான் மறுத்ததை அவர் நாலு சொல்லில் ஒப்புக்கொண்டார். இரண்டாவது குற்றச்சாட்டு.

“நீங்க ஆஸ்தே வேலை செஞ்சீங்க.”

“ஆமா பாபு.”

‘ஒப்புக்கொண்டார்.’ இன்னும் இரண்டு ‘ஆமா’ விழுந்தால் மூன்றைத் தாண்டிவிடும். மூன்றாவதை வாசித்தேன். அதே வாக்கியம். நிதாய் என்னைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார்.

“இதத்தானே இப்ப ரெண்டு தடவை கேட்டீங்க? எத்தனை தடவை கேட்டாலும் மெதுவாத்தான் பாபு. இந்த சாஹிபுக்குக் காது கேக்காதா?”

அதிகாரிக்குக் காதும் கேட்டது, கொஞ்சம் வங்காளமும் தெரிந்தது. “என்ன மொழிபெயர்ப்பு இது? எல்லாம் ஒரே மாதிரி இருக்கே?” என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

சன்யால் என் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தார். “வேற வார்த்தை போடு. ஃபாங்கின்னு சொல்லு.”

ஃபாங்கி என்றால் வேலையில் ஏய்ப்பது. சம்பளம் வாங்கிக்கொண்டு ஏமாற்றுவது. அந்த ஒரு சொல்லைப் போட்டால் மூன்றாவது குற்றச்சாட்டுக்குத் தனி உயிர் வந்துவிடும். என் ஆங்கிலமும் பிழைக்கும், சன்யாலுக்கும் என்மேல் பிரியம் பெருகும். நிதாயின் சட்டைக் காலரைப் பார்த்தேன். மடிப்புக் கலையாமல் இருந்தது.

“சார், அஞ்சும் ஒண்ணுதான்” என்றேன்.

“ஒண்ணா? அப்ப எதுக்கு அஞ்சா எழுதியிருக்கு? யார் எழுதினது?”

“நான்தான் சார். கேக்கறதுக்கு நல்லா இருக்கட்டும்னு எழுதினேன்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். சன்யால் ஜன்னல் பக்கம் திரும்பி, கடல் பார்ப்பவர்போல உட்கார்ந்துகொண்டார். அந்த ஜன்னலிலிருந்து தெரிவது சைக்கிள் ஸ்டாண்டு.

யாரும் கேட்காதது

எரிச்சலில்தான் அதிகாரி அடுத்த கேள்வியைக் கேட்டார். “சரி, அந்த ஆள் ஏன் மெதுவா இறக்குறார்னு கேளு.”

இத்தனை காகிதத்தில், இத்தனை சொல்லில், இந்தக் கேள்வி ஒருமுறையும் வரவில்லை. கேட்டேன்.

“எனக்குக் கீழ தெரியாதே பாபு” என்றார் நிதாய். “மேல கூண்டுல உக்காந்தா கப்பலோட அடித்தட்டு தெரியாது. ஓரத்துல நின்னு கையைக் காட்ட ஒரு சிக்னல்காரர் இருப்பாரு. ரஹீம்பாய் ரிட்டயர் ஆகிப் போனதும் வேற ஆள் வரல. கீழ ஆறு பேரு நிக்கிறாங்க. நான் ஆளுயரத்துக்கு மேல நிறுத்திருவேன். ஒதுங்கிட்டோம்னு அவங்க சத்தம் குடுத்தாத்தான் இறக்குவேன். கப்பல் இரைச்சல்ல சில சமயம் அந்தச் சத்தம் லேசுல கேக்காது. அப்பக் காத்திருக்கத்தானே வேணும்?”

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அலங்காரம் எதுவும் வரவில்லை.

“சிக்னல்காரர் போய் எத்தனை மாசமாச்சு?”

“எட்டு மாசம்.”

“எட்டு மாசமா ஏன் ஆள் போடலை? அந்த ஃபைல் எங்க?” என்று அதிகாரி சன்யாலைக் கேட்டார்.

சன்யால் என்னைப் பார்த்தார். அவர் பார்ப்பதற்குள் எனக்கு நினைவு வந்துவிட்டது. அந்த ஃபைல் என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருந்தது. ‘இப்போதைக்கு அபேயன்ஸில் வைக்கலாம்’ என்று நானே குறிப்பு எழுதியிருந்தேன். கிடப்பில் போடு என்பதற்கு ஆபீஸ் ஆங்கிலம். அடுத்த மாதம், ‘டியூ கோர்ஸில் பார்க்கலாம்’, அதாவது உரிய காலத்தில். அதற்கடுத்த மாதம் அதுவும் எழுதவில்லை. கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. நல்லதாக ஒரு முதல் வாக்கியம் அமையட்டும் என்று காத்திருந்தேன். அவ்வளவுதான். கீழே ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

“ஃபைல் என்கிட்டதான் சார் இருக்கு.”

சன்யால் அவசரமாகக் குறுக்கிட்டார். “நிர்வாகக் காரணங்களால் தவிர்க்க இயலாத தாமதம்னு போட்டுக்கலாம் சார். இவனே அழகா எழுதிடுவான்.” அவர் என்னைக் காப்பாற்றப் பார்த்தார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அந்தக் குறிப்பின் கீழே அவர் கையெழுத்தும் இருந்தது.

எனக்கு அழகாக எழுத முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. விசாரணைத் தாளில் இரண்டே வாக்கியம் எழுதினேன். ஃபைல் என்னிடம் இருந்தது. ஐ வாஸ் ஸ்லோ. கையெழுத்துப் போட்டு அதிகாரியிடம் நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார்.

உத்தரவு

எட்டு மாதம் கிடைக்காத சிக்னல்காரர் இரண்டே நாளில் கிடைத்தார். ஒரு வாரத்தில் உத்தரவும் வந்தது. ஐந்து குற்றச்சாட்டும் ஒன்றாகச் சுருங்கியிருந்தது. வேலை தப்பியது, வீடு தப்பியது. ஆனாலும் இவ்வளவு காகிதம் செலவழித்த பிறகு ஒன்றுமில்லை என்று சொல்ல முடியுமா? நிதாய் ஹால்தாருக்குக் கண்டனம், பணிப் பதிவேட்டில் ஏற்றப்படும். கோ ஸ்லோவைத் திறமையாகக் கையாண்டதற்காகச் சன்யாலுக்குத் தனியே ஒரு பாராட்டுக் கடிதம். என் பெயர் எங்கேயும் இல்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன்.

உத்தரவை எடுத்துக்கொண்டு கிரேனடிக்குப் போனேன். மத்தியான ஷிஃப்ட் தொடங்கும் நேரம். சணல் தூசியும் டீசல் வாசனையுமாக இருந்தது. புதுச் சிக்னல்காரர் கப்பல் ஓரத்தில் போய் நின்றுகொண்டிருந்தார். நிதாய் ஏணியில் ஒரு காலை வைத்தபடி நின்று கேட்டார். முழுவதையும் வங்காளத்தில் சொன்னேன்.

“ஆக, மெதுவா இருந்தது நான்” என்றார்.

“அப்படித்தான் போட்டிருக்காங்க நிதாய்தா.”

“உங்களுக்கு என்ன போட்டிருக்காங்க?”

“எனக்கு ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணுமே இல்லியா? ஒரு எச்சரிக்கை? வாய் வார்த்தையா?”

“இல்ல.”

அவர் தலையை ஆட்டினார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காகிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார். பாதி ஏணியில் நின்று கீழே பார்த்தார்.

“தள்ளி நில்லுங்க ஷுந்தோர்பாபு” என்றார். “இனிமே வேகமா வரும்.”

நான் தள்ளி நின்றேன்.